மண்டபக் கூரையில் வெளிச்சத்துக்கு ஓட்டை போடுவதற்கு முன்

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படிங்க. ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்ததும் நடக்கப் போகிற கூட்டத்துக்கு வர்றவங்க கண்டிப்பா படிச்சிட்டு வாங்க. வாட்சாப் குரூப்பில் நூறு பேர் நூறு விதமா பேசிட்டாங்க. அங்கே துண்டு துண்டா பதில் சொல்வதைவிட மொத்தமா ஒரே இடத்தில் எழுதிடலாம் என்று பராமரிப்புக் குழுவில் இருக்கும் நாங்கள் ஆறு பேரும் முடிவு செய்தோம்.

விஷயம் பெரும்பாலானோருக்குத் தெரியும். நம் மகாமண்டபம் பகலிலேயே இருட்டா இருக்கு. ஒரு குடும்பத்தார் தங்கள் தாயாரின் நினைவாக மண்டபக் கூரையில் ஸ்கைலைட் போட்டுத் தர்றோம், முழுச் செலவும் எங்கள் உபயம் என்று முன்வந்திருக்காங்க. அந்த அம்மாவை நம்மில் பலருக்கும் தெரியும். வெள்ளிக்கிழமை தவறாமல் வந்து, வடக்குப் பக்கம் மூன்றாவது தூணில் சாய்ந்து உட்கார்ந்து, திருவாசகப் புத்தகத்தைக் கண்ணுக்கு நெருக்கமா பிடித்துக்கொண்டு படிப்பாங்க. விளக்கைப் போடட்டுமா என்று கேட்டால், வேண்டாம்ப்பா, கரண்ட் பில்லு ஏறும் என்பாங்க. அதனால் இந்த உபயத்தின் நோக்கத்தில் எங்களுக்கு ஒரு துளி சந்தேகமும் இல்லை. வெளிச்சம் வேணும். எங்கே, எப்படி என்பதுதான் கேள்வி.

இப்போது வந்திருக்கும் கொட்டேஷன் இதுதான்: நடு மண்டபத்துக்கு நேர் மேலே 8 அடி அகலம், 20 அடி நீளத்துக்குத் தகரத்தை எடுத்துவிட்டு, தெளிவான பாலிகார்பனேட் ஷீட். கீழே இருந்து பார்த்தால் வானம் தெரியும். படத்தைப் பார்த்தவங்க எல்லாரும் அழகா இருக்கு என்றாங்க. அழகுதான், அதை நாங்க மறுக்கலை.

முதலில் வெயில். ஸ்கைலைட் படங்கள் பெரும்பாலும் குளிர் நாட்டிலிருந்து வர்றது. அங்கே சூரியன் சாய்ந்து அடிக்கும், குளிர் காலத்தில் கொஞ்சம் வெயில் உள்ளே வந்தா சந்தோஷப்படுவாங்க. நம்ம கதை வேற. கோலாலம்பூர் பக்கம் மார்ச் மாதக் கடைசியிலும் செப்டம்பர் நடுவிலும் சூரியன் உச்சந்தலைக்கு நேரா நிற்கும். மார்ச் கடைசி என்றால் நமக்குப் பங்குனித் திருவிழா நேரம். அதுவும் நம் நாட்டில் உச்சி வெயில் 12 மணிக்கு இல்லை, ஒன்னேகால் சுமாருக்குத்தான். 1982-ல் கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளினதைப் பெரியவங்க மறந்திருக்க மாட்டாங்க. ஆக, உச்சிக்காலப் பூசை முடிந்து சனங்கள் அன்னதானத்துக்கு வரிசையில் நிற்கிற நேரமும், வெயில் நேரா இறங்குகிற நேரமும் ஒன்று.

கணக்கு ஒன்று சொல்றோம். மேகம் இல்லாத உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டரில் சுமார் 1000 வாட் சூடு விழும். அது ஒரு இஸ்திரிப் பெட்டி எரிகிற சூடு. 8க்கு 20 அடி என்றால் ஏறக்குறைய 15 சதுர மீட்டர். தெளிவான ஷீட் அதில் ஐந்தில் நாலு பங்கை உள்ளே விடும் என்று வைத்துக்கொண்டால், மண்டபத்துக்குள் 12 இஸ்திரிப் பெட்டியை ஒன்றாகப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிற மாதிரி. பால் வெள்ளை, பழுப்பு என்று நிறம் உள்ள ஷீட் போட்டால் குறையும், ஆனா வெளிச்சமும் சேர்ந்துதான் குறையும். அதுக்கப்புறம் இன்னும் நாலு பெரிய காத்தாடி மாட்டணும். அந்த அம்மா மிச்சம் பிடித்த கரண்ட் பில்லு அங்கே போயிடும்.

சிலர், புகை வெளியே போகுமே என்றாங்க. போகாது. ஷீட் மூடித்தான் இருக்கும். ஹோமப் புகையும் கற்பூரக் கரியும் மேலே போய் அதே ஷீட்டின் அடிப்பக்கம் ஒட்டும். இரண்டு வருஷத்தில் வானம் தெரியாது, கரிதான் தெரியும். அதைத் துடைக்க 20 அடிக்குச் சாரம் கட்டணும்.

அடுத்து, குரூப்பில் இதுவரை யாருமே பேசாத ஒன்று. கருவறை, அர்த்தமண்டபம் பக்கம் கூரையைத் தொடுகிற பேச்சே கிடையாது, அது ஆகமம் சம்பந்தப்பட்டது, குருக்கள் தெளிவா சொல்லிட்டார். ஆனா மகாமண்டபத்தில் வெளிச்சம் அதிகமானால் கருவறையில் என்ன ஆகும்? போன வாரம் மதியம் நாங்க ஒரு சோதனை பண்ணிப் பார்த்தோம். மண்டபத்தின் இரண்டு பக்க ரோலர் ஷட்டரையும் முழுக்கத் திறந்துவிட்டு, கொடிமரத்துக்குப் பக்கத்தில் நின்று அம்மனைப் பார்த்தோம். திரிவிளக்கு எரியுது, ஆனா முகம் தெரியலை. கறுப்பா ஒரு கதவு மாதிரி இருக்கு. ஷட்டரைப் பாதி இறக்கினோம். கண் கொஞ்சம் பழகினதும் மூக்குத்தி தெரிந்தது, அப்புறம் கண் தெரிந்தது. மண்டபம் எவ்வளவுக்கு வெளிச்சமோ அவ்வளவுக்குக் கருவறை இருட்டாத் தெரியும். உள்ளே இருக்கும் விளக்கு குறையலை, நம்ம கண்ணுதான் வெளியில இருக்கிற வெளிச்சத்துக்குப் பழகிடுது. தீபாராதனை காட்டும்போது அந்தத் தட்டு வெளிச்சத்தில் முகம் எழுந்து வர்றதைப் பார்க்கத்தான் எல்லாரும் முண்டியடித்து முன்னால் வர்றோம். நடு மண்டபத்தில் உச்சி வெயிலை இறக்கிவிட்டு உச்சிக்காலப் பூசையில் அதை எதிர்பார்க்க முடியாது. நம்பாதவங்க எந்த மதியம் வேணும்னாலும் வாங்க, ஷட்டரைத் திறந்து மூடிக் காட்டுறோம்.

இனி சொல்லப் போறதுதான் இந்தப் பதிவையே எழுத வைத்தது.

ஒவ்வொரு திருவிழாவுக்கும் முன்னால் கூரைக்கு யார் ஏறுறாங்க தெரியுமா? நாங்கதான். எங்களோட சில இளைஞர்களும். நம் ஆலயத்துக்குப் பக்கத்தில் அரசமரம் நிற்குது. இலை கொட்டி வாய்க்கால் அடைக்கும். காக்கா, மைனா எச்சத்தில் விதை விழுந்து, தகர மடிப்பில் அரசங்கன்று முளைக்கும். அதைப் பிடுங்கலைன்னா ஒரே மழையில் மடப்பள்ளிக்குள் தண்ணி. பிற்பகல் இடிமழை நம்ம ஊரில் எப்படி ஊத்தும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதனால் வருஷத்துக்கு மூன்று நாலு தடவை யாராவது ஏறியே ஆகணும். ஸ்கைலைட் வந்துட்டா அதைக் கழுவவும் ஏறணும்.

எங்களில் பாதிப் பேருக்குப் பிழைப்பே தொழிற்சாலையில். தொழிற்சாலைக் கூரைகளில் வெளிச்சத்துக்காக நடு நடுவே ஃபைபர் ஷீட் போட்டிருப்பாங்க. தகரம் எப்படி வளைந்து வளைந்து இருக்கோ அதே வடிவம். புதுசில் பளிச்சென்று தெரியும். சில வருஷத்தில் தூசு படிந்து, பாசி பிடித்து, மேலே நிற்கிறவன் கண்ணுக்குத் தகரமும் அதுவும் ஒன்றாயிடும். பல வருஷத்துக்கு முன்னால் எங்களில் ஒருவர் வேலை பார்த்த இடத்தில் ஒழுகல் அடைக்க ஒரு குத்தகையாளரின் ஆள் மேலே ஏறினார். இருபத்தாறு இருபத்தேழு வயசு. இங்கே, அங்கே என்று கீழே இருந்து கைகாட்டிக்கொண்டிருந்தாங்க. மூன்றாவது அடி ஷீட் மேல விழுந்தது. சத்தம்கூடப் பெருசா இல்லையாம், அப்பளம் உடைகிற மாதிரி ஒன்று, அப்புறம் ஆள் தரையில். உயிர் பிழைத்தார். இடுப்புக்குக் கீழே ஒன்றும் இல்லை. ஊருக்கு அனுப்பி வைத்தாங்க. அவருக்கு ஒரு சின்னப் பெண் குழந்தை இருந்தது என்பது மட்டும் தெரியும், அதுக்கு மேல் தகவல் இல்லை.

நம் கூரைக்கு வருவோம். மடப்பள்ளி பக்கம் பழைய திருப்பணியில் போட்ட இரண்டு ஃபைபர் ஷீட் ஏற்கெனவே இருக்கு. நிறைய பேருக்கு அது இருப்பதே தெரியாது, ஏன்னா மூன்று வருஷத்துக்கு முன்னால் கூரைக்குச் சாயம் அடித்தவங்க அதுக்கும் சேர்த்தே சாம்பல் சாயம் அடிச்சிட்டுப் போயிட்டாங்க. இப்போ மேலே நின்று பார்த்தால் எல்லாம் ஒரே சாம்பல். போன வருஷம் ஆடி மாசக் கோத்தோங் ரோயோங்கில் ஒரு தம்பி, வயசு பதினெட்டு, வாளியோடு நேரா அதன் மேல் நடக்கப் போனான். நாங்க கத்தினோம். ஒரு கால் ஓரத்தில் பட்டு, நெறுக் என்றது. நின்றுட்டான். அவனுக்கு நேர் கீழே மடப்பள்ளியில் அக்காமார் நாலு பேர் பொங்கலுக்கு அரிசி களைந்துகொண்டிருந்தாங்க. அன்றைக்கே அந்த இடத்தைச் சுற்றி மஞ்சள் டேப் கட்டினோம். வெயிலில் டேப் எத்தனை நாள் தாங்கும்?

அதனால்தான் சொல்றோம். ஸ்கைலைட் போடலாமா வேண்டாமா என்று கை தூக்குவதற்கு முன்னால், இதில் யாராவது கால் வைத்தால் என்ன ஆகும் என்று கொட்டேஷன் கொடுத்தவரிடம் கேளுங்க. ஷீட் கெட்டியானதுங்க, சுத்தியலால் அடித்தாலும் உடையாது என்பார். புதுசில் உண்மைதான், பாலிகார்பனேட் லேசில் உடையாது. ஆனா பத்து வருஷ வெயில் தின்ன பிறகு? திருகாணி ஓட்டையில் விரிசல் விட்ட பிறகு? எந்த ஷீட்டையும் மேலே நடக்கலாம் என்று நம்பக் கூடாது. அடியில் இரும்புக் கம்பி வலை, வெல்டட் மெஷ், சட்டத்தோடு சேர்த்து பர்லினில் முடுக்கியிருக்கணும், ஒரு ஆள் விழுந்தால் தாங்குகிற அளவுக்கு. ஸ்கைலைட்டின் விளிம்பு தகரத்திலிருந்து அரையடியாவது உயர்ந்து நிற்கணும், அப்போதான் மேலே இருக்கிறவன் கண்ணுக்குப் படும். வலை போட்டால் அழகு கெடும் என்று ஒருத்தர் எழுதியிருந்தார். 20 அடி உயரத்தில் அது கொசுவலை மாதிரிதான் தெரியும். புறாவும் உள்ளே வராது.

சட்டம் வேறு இருக்கு. 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தி, 2024 ஜூன் 1 முதல் கிட்டத்தட்ட எல்லா வேலை இடத்துக்கும் விரிவாக்கிட்டாங்க. ஆலயம்தானே என்று யாரும் நம்மை விட்டுவிடப் போவதில்லை. கூலி ஆள் ஒருவர் நம் கூரையிலிருந்து விழுந்தால் தலைவரும் செயலாளரும்தான் போய் நிற்கணும். கூரையை வெட்டிக் கட்டட அமைப்பை மாற்றுவதற்கு நகராண்மைக் கழகத்தின் அனுமதியும் தேவை, அதற்குப் பதிவு பெற்ற பொறியியலாளரோ கட்டடக்கலைஞரோ வரைபடம் போட்டுத் தரணும். சின்ன வேலைதானே, சனி ஞாயிறில் முடிச்சிடலாம் என்கிற பேச்சே வேண்டாம். ஆலயங்களுக்கு இருக்கிற தலைவலி போதும், நாமே ஒன்று சேர்த்துக்கொள்ளக் கூடாது.

ஒழுகல் பற்றிச் சுருக்கமா. கூரையில் ஒழுகுவது எப்போதும் ஓட்டை போட்ட இடத்தில்தான். கொடிமரம் கூரையைத் தாண்டிப் போகிற இடத்தில் எத்தனை தடவை சிலிக்கோன் பூசினோம் என்று பொருளாளரைக் கேளுங்க. சிலிக்கோன் மருந்து இல்லை, பிளாஸ்திரி. தகரத்தை மடித்து, மேட்டுப் பக்கத்துத் தண்ணி தேங்காமல் இரண்டு பக்கமும் பிரிந்து போகிற மாதிரி விளிம்பு கட்டணும். பாலிகார்பனேட் வெயிலில் நீளும். 10 அடி ஷீட், இரவுக் குளிருக்கும் மதியச் சூட்டுக்கும் 40 டிகிரி வித்தியாசம் என்றால் ஏறக்குறைய 8 மில்லிமீட்டர் கூடும் குறையும். திருகாணியைவிட ஓட்டை பெருசா இருக்கணும், இல்லைன்னா ஷீட் நெளிந்து ஓட்டையிலேயே கிழியும். யூவி பூச்சு உள்ள பக்கம் மேலே பார்க்கணும். இதைத் தலைகீழாப் போட்டு இரண்டு மூன்று வருஷத்தில் மஞ்சளானதை நாங்க பார்த்திருக்கோம். உள்ளே குழல் குழலா இருக்கும் ரகம் என்றால் குழல் கூரைச் சரிவோடு ஓடணும், முனையை டேப்பால் மூடணும், இல்லைன்னா உள்ளுக்குள்ளேயே பாசி வளரும், அதைக் கழுவ வழியே இல்லை. அக்ரிலிக் விலை குறைவு என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிடுங்க, நல்லாவே தீப்பிடிக்கும், நம்ம இடத்தில் விளக்கும் ஹோமமும் நிற்காது. கண்ணாடி என்றால் லேமினேட் செய்தது மட்டும், உடைந்தாலும் சில்லு கீழே கொட்டாது. பத்து வருஷ வாரண்டி என்பாங்க. அது ஷீட்டுக்கா, ஒழுகலுக்கா என்று எழுத்தில் வாங்குங்க. பெரும்பாலும் ஷீட்டுக்கு மட்டும்தான் இருக்கும்.

சரி, வேண்டாம் வேண்டாம் என்றே சொல்றீங்களே, என்னதான் பண்றது என்று கேட்பீங்க. மண்டபம் முதலில் இருட்டா இல்லை. இரண்டு பக்கமும் திறந்திருந்த காலத்தில் நல்ல வெளிச்சம். மழைச் சாரலுக்காகவும் உண்டியல் திருட்டுக்குப் பயந்தும் பக்கச் சுவரை எழுப்பினோம், முன்னால் கொட்டகையை நீட்டினோம், வெளிச்சம் நின்னு போச்சு. பினாங்கிலும் மலாக்காவிலும் பழைய கடைவீடுகளைப் பார்த்திருப்பீங்க. கூரை உச்சியில் இன்னொரு குட்டிக் கூரை தூக்கி நிற்கும், அதன் பக்கவாட்டில் திறப்பு இருக்கும். ஜேக் ரூஃப் என்பாங்க. வெளிச்சம் பக்கவாட்டில் வரும், வெயில் நேரா விழாது, சூடும் புகையும் மேலே போய் வெளியேறும். நம்ம மண்டபம் கிழக்குப் பார்த்தது, கூரை முகடும் கிழக்கு மேற்கா ஓடுது. அதனால் திறப்பு வடக்கும் தெற்குமா அமையும். காலை, மாலை வெயில் நேரா உள்ளே வராது. மதியச் சூரியன் நம்ம ஊரில் டிசம்பரில் தெற்கே எவ்வளவு சாய்ந்தாலும், குட்டிக் கூரையை ஒன்றரை அடி வெளியே நீட்டினால் மூன்றடி உயரத் திறப்பு கிட்டத்தட்ட முழுக்க நிழலில் இருக்கும். செலவு கூடும், மறுக்கலை. ஆனா கூரையில் மிதிக்கிற இடத்தில் ஷீட்டே கிடையாது. எங்களுக்கு அதுதான் பெருசு.

அதை அடுத்த திருப்பணியோடு சேர்த்துச் செய்வது உத்தமம் என்பது எங்கள் எண்ணம், குருக்களும் பொறியியலாளரும் சொல்றதைக் கேட்டுத்தான் முடிவு. இப்போதைக்கு வடக்குச் சுவரின் மேல் பாதியை உடைத்து லூவர் வைக்கலாம், அதுக்கும் வரைபடம் ஒன்று சேர்த்தே போட்டுக்கலாம். சாரல் வராது, காற்றும் வரும்.

உபயதாரர் குடும்பத்தை வீட்டுக்கே போய்ப் பார்த்துப் பேசினோம். மனசு கஷ்டப்படுவாங்களோ என்று தயங்கித்தான் போனோம். காப்பி கொடுத்து, எல்லாத்தையும் கேட்டுட்டு, மூத்த மகன் ஒன்றே ஒன்று கேட்டார்: எங்கம்மா உட்கார்ற தூண் பக்கம் வெளிச்சம் விழுமாண்ணே? நடு மண்டபத்தில் போடுகிற ஸ்கைலைட் வெளிச்சம் அந்தத் தூணுக்கு அரைகுறையாத்தான் போகும். வடக்குச் சுவரில் லூவர் வைத்தால் புத்தகத்துக்கு மேலேயே விழும். அப்போ அதையே பண்ணுங்க, இந்த உபயம் அதுக்கே இருக்கட்டும் என்றார். இதைக் கூட்டத்தில் அவரே சொல்வார். அதனால் குரூப்பில் அந்தக் குடும்பத்தைப் பற்றி, பேர் போடுறதுக்காகத்தான் செய்றாங்க என்று எழுதினவங்க தயவுசெய்து அதை அழிச்சிடுங்க.

கூட்டம் ஞாயிறு காலை 10 மணிக்கு, அன்னதானக் கூடத்தில். மாற்றுக் கருத்து உள்ளவங்க அவசியம் வாங்க, கொட்டேஷன் கொடுத்தவரையும் கூப்பிட்டிருக்கோம்.

கூட்டத்தில் எந்த முடிவு வந்தாலும் ஒரு வேலை காத்திருக்காது. மடப்பள்ளி மேல் இருக்கும் அந்த இரண்டு பழைய ஷீட்டுக்கும் அடியில் வலை அடிக்கணும். சனிக்கிழமை காலை 8 மணிக்கு ஆரம்பிக்கிறோம், வேலை முழுக்க உள்ளே சாரத்தில் நின்றுதான். வெல்டிங் தெரிந்தவங்க இரண்டு பேர் தேவை. மெஷ் வாங்கியாச்சு, லோரியும் சொல்லியாச்சு, பசியாறல் ஆலயத்திலேயே. மடப்பள்ளி அன்றைக்கு மதியம் வரை மூடியிருக்கும், நைவேத்தியம் வெளிக்கொட்டகையில் தயாராகும்.

வலை அடித்து முடிக்கிற வரைக்கும் பந்து போய் விழுந்தாலும், பட்டம் மாட்டினாலும், யாரும் கூரைக்கு ஏற வேண்டாம். ஏணியைப் பூட்டு போட்டு வைத்திருக்கோம். வீட்டில் பசங்ககிட்டயும் சொல்லி வைங்க.